சப்பாத்தி வரட்டியாகிறது, குருமா திரிகிறது: இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான்

திருப்பூரில் குடியிருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தது இதுதான். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. ராத்திரிக்குச் சப்பாத்தி சுட்டால், கல்லிலிருந்து எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் பனியன் கம்பெனி வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வந்து உட்கார்வதற்குள் வரட்டி மாதிரி ஆகிவிடுகிறது. குருமாவோ தண்ணீர் ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம் என்று திரிந்து நிற்கிறது. மசாலா பாக்கெட் மூன்று கம்பெனி மாற்றிப் பார்த்துவிட்டார். மாவில் பால், தயிர், சோடா உப்பு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார். "எங்கே தப்பு செய்கிறேன் அக்கா, பாக்கெட் மசாலா இல்லாமல் நம்ம ஊர் ருசியில் குருமா வைக்கவே முடியாதா?" என்று கேட்கிறார்.

நான் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். பதினெட்டு வருஷமாக வீட்டிலேயே சமைத்து வெளியே கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரிக்கு மட்டும் 150 சப்பாத்திக்குக் குறையாமல் போகும். உங்களுடைய இரண்டு கஷ்டத்துக்கும் காரணம் ஒன்றுதான், தண்ணீர். சப்பாத்தி மாவில் அது போதவில்லை. குருமாவில் வற்ற வேண்டிய நேரத்தில் வற்றவில்லை. மசாலா கம்பெனியை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

முதலில் மாவு. கோதுமை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்தாலும் சரி, கடையில் ஆட்டா பாக்கெட் வாங்கினாலும் சரி, நாம் நினைப்பதைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். கல்லில் அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்கள் நசுங்கி உடைகின்றன. உடைந்த துகள் உடையாததைவிட அதிகம் உறிஞ்சும். தவிடும் கூடவே இருப்பதால் அது தன் பங்குக்குக் குடிக்கும், அதுவும் அவசரமில்லாமல் மெதுவாகக் குடிக்கும். அதனால்தான் பிசைந்தவுடன் சரியாகத் தெரிகிற மாவு அரைமணி கழித்து இறுகிப்போகிறது. மைதாவுக்கு 100 கிராமுக்கு 55 மில்லி போதும் என்றால், தவிடு நீக்காத கோதுமை மாவுக்கு 65 முதல் 70 மில்லி வரை வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் ஐம்பது, ஐம்பத்தைந்திலேயே நிறுத்திவிடுகிறோம். கெட்டியாக இருந்தால் தேய்ப்பதற்குச் சுலபம், கட்டையில் ஒட்டாது. ஆனால் ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு அந்தச் சுலபத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மில்லில் அரைத்து வாங்கினால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாவு வரும்போது கை வைக்க முடியாத சூட்டில் வரும். அப்படியே டப்பாவில் கொட்டி மூடினால் உள்ளே வேர்த்து, மூன்றாம் நாள் கட்டி கட்டியாகி ஒரு காறல் வாசனை அடிக்கும். ஒரு வேட்டியை விரித்துப் பரப்பி, நன்றாக ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். ரேஷன் கோதுமை என்றால் புடைத்து, கழுவி, ஒரு நாள் முழுக்க நல்ல வெயிலில் காயவையுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். சம்பா கோதுமையை இதற்குத் தனியாகப் போடாதீர்கள். ரவைக்கும் கஞ்சிக்கும் அது அருமையான தானியம், ஆனால் மாவில் இழுவை குறைவு. மெல்லிசாகத் தேய்த்தால் ஓரம் வெடித்துவிடும்.

தண்ணீர் என்று வரும்போது எந்தத் தண்ணீர் என்பதும் இருக்கிறது. நம் பக்கம் பல வீட்டில் குடிக்க ஆற்றுத்தண்ணி, புழங்கப் போர்த்தண்ணி. உப்பு அதிகமுள்ள போர்த்தண்ணியில் பிசைந்தால் மாவு முறுக்கிக்கொண்டு இறுகும். குடிக்கிற தண்ணீரிலேயே பிசையுங்கள்.

இனி பிசைவது. கால் கிலோ மாவு, அரை டீஸ்பூன் உப்பு. 170 மில்லி தண்ணீரை அளந்து ஒரு போசியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முக்கால்வாசியை ஊற்றி, விரல் நுனியால் மட்டும் கலந்துவிடுங்கள். உதிரி உதிரியாக வரும். மீதியைக் கை கையாகத் தெளித்துச் சேர்த்துத் திரட்டுங்கள். இந்த இடத்தில் மாவு விரலெல்லாம் அப்பிக்கொள்ளும், கிண்ணத்திலும் ஒட்டும். இங்கேதான் எல்லோரும் பயந்துபோய்க் காய்ந்த மாவை ஒரு கை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். சப்பாத்தி வரட்டியாவது கல்லில் தொடங்குவதில்லை, இந்த ஒரு கை மாவில்தான் தொடங்குகிறது. போடாதீர்கள். என் மாமியார் சொல்வார், "மாவு கையில ஒட்டோணும், ஆனா கைய விடோணும்" என்று. ஒட்டுகிறது, உதறினால் விட்டுவிடுகிறது, அந்தப் பதம். வந்ததும் ஈரத்துணி போட்டு மூடி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். நீங்கள் அடித்துப் பிசைய வேண்டியதில்லை.

அரைமணி கழித்துத் துணியை எடுத்துப் பாருங்கள். சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருந்த அதே மாவு வழவழவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக எழும்பும். தவிடு ஊறிவிட்டது. கோதுமையில் இருக்கிற புரதம் தண்ணீரோடு சேர்ந்து தானாகவே வலைபோலப் பின்னிக்கொண்டுவிட்டது. அந்த வலைதான் குளூட்டன். இப்போது ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு இரண்டு, மூன்று நிமிஷம் பிசைந்தால் போதும். எண்ணெயை முதலிலேயே ஊற்றுகிறவர்கள் உண்டு. அது மாவுத் துகள் மேலே படலமாக ஏறித் தண்ணீரை உள்ளே விடாது. கடைசியில் சேர்ப்பதே நல்லது.

பாலும் தயிரும் போட்டதாகச் சொன்னீர்கள். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அவற்றில் இருக்கிற தண்ணீர்தான் உங்களுக்குக் கொஞ்சம் உதவியிருக்கும். சோடா உப்பை மட்டும் நிறுத்திவிடுங்கள். மாவு மஞ்சளாகி, வாயில் ஒரு சவுக்கார ருசி தட்டும்.

நான் ஆரம்பித்த புதிதில் ஒரு விடுதிக்கு 120 சப்பாத்தி கொடுத்தேன். உதவிக்கு வந்த இருவருக்கும் தேய்க்க வசதியாக இருக்கட்டும் என்று மாவைக் கெட்டியாகப் பிசைந்திருந்தேன். ஆறு மணிக்குச் சுட்டது, பிள்ளைகள் எட்டரைக்குச் சாப்பிட்டார்கள். மறுநாள் பாத்திரம் திரும்பியபோது அதில் அறுபதுக்கு மேல் அப்படியே இருந்தது. பசியோடு வந்த பிள்ளைகள் பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து தண்ணீரைக் கண் அளவில் ஊற்றுவதில்லை. இன்றைக்கும் அளந்துதான் ஊற்றுகிறேன்.

கால் கிலோவுக்கு ஒன்பது உருண்டை வரும், ஒவ்வொன்றும் 45 கிராம் சுமாருக்கு. தேய்க்கும்போது நடுவை விட்டு ஓரத்தை அழுத்துங்கள். ஓரம் தடித்திருந்தால் அங்கே வேகாது, உப்பவும் செய்யாது. தொட்டுக்கொள்ள மாவு வேண்டும்தான், ஆனால் கல்லில் போடும் முன் இரண்டு தட்டுத் தட்டி உதறிவிடுங்கள். ஒட்டியிருக்கும் மாவு கல்லில் கருகி அடுத்த சப்பாத்தியில் கசக்கும்.

அடுத்தது கல். பலபேர் கருகிவிடுமோ என்று தீயைக் குறைத்துச் சுடுகிறார்கள். அப்படிச் சுட்டால் ஒரு சப்பாத்தி வேக மூன்று, நான்கு நிமிஷம் ஆகும். அந்த நேரமெல்லாம் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். நாம் பாடுபட்டு மாவுக்குள் சேர்த்த தண்ணீரைக் கல்லே குடித்துவிடுகிறது. இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, ஒரு சிட்டிகை மாவைத் தூவுங்கள். ஐந்தாறு எண்ணுவதற்குள் பழுப்பாகிறதா, சரி. உடனே கருகினால் சூடு அதிகம். சப்பாத்தியைப் போட்டு, மேலே சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்ததும், இருபது விநாடி சுமாருக்கு, திருப்புங்கள். அடுத்த பக்கம் அரை நிமிஷம். மறுபடி திருப்பி, மடித்த துணியால் ஓரத்தை லேசாக அழுத்திச் சுற்றிக்கொண்டே வாருங்கள். பந்து மாதிரி எழும்பும். மொத்தம் ஒன்றரை நிமிஷம், அதற்கு மேல் போகக் கூடாது.

அது எழும்புவதும் தண்ணீரால்தான். இரண்டு பக்கமும் தோல் கட்டிய பிறகு நடுவில் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு பெருக்கும். போக வழியில்லாமல் தோலைத் தூக்குகிறது. முதல் பக்கத்தை ரொம்ப நேரம் விட்டுவிட்டால் தோல் தடித்துவிடும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் எழாது.

சுட்டவுடனே ஒன்றின் மேல் ஒன்றாகப் பருத்தித் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் வையுங்கள். துணி இல்லாமல் வைத்தால் மூடியில் வேர்க்கிற தண்ணீர் சொட்டி மேலே இருப்பது நசநசவென்று ஆகும். திறந்து வைத்தால் காய்ந்துவிடும். மேலே தடவ எங்கள் வீட்டில் ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிய நெய். அதுவும் ஈரம் போகாமல் காக்கும். சுட்டதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெந்த மாவுச்சத்து ஆறும்போது இறுகும் குணம் உள்ளது, ஃபிரிட்ஜ் குளிரில் அந்த இறுக்கம் இன்னும் சீக்கிரமாக வரும். மீந்துபோனால் காலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சூடான கல்லில் பத்து விநாடி போட்டு எடுங்கள், பழையபடி மடியும்.

இனிக் குருமா. இதில்தான் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

நம் பக்கம் மசாலா சாமானுக்கே 'செலவு' என்றுதான் பேர். செலவு ரசம், செலவு அரைத்த குழம்பு என்று அந்தச் சொல் இன்னும் அடுப்படியில் இருக்கிறது. மல்லி, வரமிளகாய், மிளகு, சீரகம் வறுத்து, சின்ன வெங்காயம் வதக்கி, தேங்காயோடு அரைத்தால் அதுவே நம்ம ஊர்க் குழம்பின் உடம்பு. குருமா என்பது அதோடு சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா சேர்ந்தது, அவ்வளவுதான். சப்பாத்தி வீட்டுக்கு வருவதற்கு முன்பே கம்பஞ்சோற்றுக்கும் ராகிக்களிக்கும் இந்த அரைத்த குழம்பு இருந்தது. பாக்கெட் தேவையே இல்லை.

நான்கு பேருக்குச் சொல்கிறேன். இரண்டு மேசைக்கரண்டி மல்லியை வெறும் வாணலியில், சின்னத் தீயில், கையெடுக்காமல் வறுங்கள். முதலில் பச்சை வாசனைதான் வரும். இரண்டு நிமிஷத்தில் நிறம் ஒரு சாயல் ஏறி, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினது மாதிரி ஒரு வாசனை எழும்பும். அதுதான் பதம். அதைத் தாண்டினால் கசப்பு. அதைத் தட்டில் கொட்டிவிட்டு, ஐந்து வரமிளகாய், அரை டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சீரகம், ஒரு டீஸ்பூன் சோம்பு, ஒரு விரல்கணு அளவு பட்டை, இரண்டு கிராம்பு இவற்றை அதே சூட்டில் வறுத்தெடுங்கள். பிறகு ஒரு கரண்டி கடலை எண்ணெயில் பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பூண்டுப் பல், ஒரு துண்டு இஞ்சி வதக்கி, எல்லாவற்றையும் சேர்த்து நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெங்காயம் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அதில் தண்ணீர் கூடுதல், வதங்க நேரம் ஆகும், அந்த இனிப்பும் வராது. பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் விளைகிற சின்ன வெங்காயம் உங்கள் ஊர்ச் சந்தைக்கே வருகிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

தேங்காயை இதோடு சேர்க்க வேண்டாம். அரை மூடித் தேங்காய்த் துருவல், சுடுதண்ணீரில் ஊறிய ஒரு டீஸ்பூன் கசகசா, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மூன்றையும் தனியாக வெண்ணெய் மாதிரி அரைத்து வையுங்கள்.

இப்போது வாணலியில் மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய். கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. கண்ணாடி மாதிரி ஆனதும் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைகிற நிறம், தண்ணீர் சேர்ந்த பிறகு போட்டால் அவ்வளவாக இறங்காது. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அது விளைகிற ஊரில் இருந்துகொண்டு பாக்கெட் தூள் வாங்குவது எனக்கு மனசே ஒப்பாத விஷயம். விரலி மஞ்சள் அரைக்கிலோ வாங்கிக் காயவைத்து மில்லில் கொடுத்தால் வருஷத்துக்கு வரும்.

இரண்டு தக்காளியைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். உங்கள் குருமா திரிவது இங்கே தொடங்குகிறது. தக்காளி குழைந்தவுடன், பார்க்க வெந்துவிட்டது போலத் தெரிந்தவுடன், நீங்கள் அடுத்த சாமானைக் கொட்டிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வாணலியில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதாவது அதுவரை எல்லாம் வேகத்தான் செய்யும், வதங்காது. பச்சை வாசனை போகாது, புளிப்பும் அடங்காது. சத்தத்தைக் கேளுங்கள். முதலில் கொதிக்கிற சத்தம், களகளவென்று. தண்ணீர் வற்ற வற்ற அது குறைந்து, எண்ணெயில் பொரிகிற மெல்லிய சடசடப்பாக மாறும். ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசிந்து நிற்கும். கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி தெரியும், தண்ணீர் ஓடிவந்து மூடாது. எட்டு, பத்து நிமிஷம் ஆகும். அதற்கப்புறம்தான் அரைத்த செலவு. அதையும் போட்டு மறுபடி எண்ணெய் பிரியும் வரை கிளறுங்கள். அடி பிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள், மிக்ஸி கழுவின தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிடாதீர்கள்.

காய் உங்கள் இஷ்டம். கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி வழக்கமானது. காய் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி, உப்பு, இரண்டு டம்ளர் கொதிக்கிற தண்ணீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இவ்வளவு நேரம் ஏற்றின சூடு இறங்கிப்போகும். காய் முழுசாக வெந்த பிறகு, தீயைக் குறைத்து, தேங்காய் அரைப்பில் ஒரு கரண்டி குழம்பை எடுத்துக் கலந்து இளக்கி, அப்புறம் ஊற்றுங்கள். நுரை கட்டி, ஓரம் லேசாகக் கொதி வந்து மூன்று நிமிஷம். அடுப்பை அணைத்துவிடுங்கள்.

தேங்காயில் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைத்திருப்பது அதன் புரதம். தளதளவென்று ரொம்ப நேரம் கொதித்தால் அந்தப் புரதம் இறுகி எண்ணெயை விட்டுவிடும். தக்காளிப் புளிப்பு அடங்காமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் விடும். நீங்கள் தேங்காயைப் போட்டு, அப்புறம் காய் வேகவில்லை என்று கொதிக்கவிட்டிருந்தால் திரியத்தான் செய்யும். பொட்டுக்கடலையும் கசகசாவும் அந்தப் பிடிப்புக்குத் துணையாகத்தான் சேர்க்கிறோம். கறிக் குருமாவுக்கு மட்டும் நான் தேங்காயைப் பொன்னிறமாக வறுத்துச் செலவோடேயே அரைத்துவிடுவேன். அங்கே எண்ணெய் மேலே மிதப்பதுதான் அழகு.

தண்ணீர்த் தொல்லையே இல்லாத வெஞ்சணம், அதாவது தொட்டுக்கொள்ள ஒன்று, வேண்டுமென்றால் பள்ளிப்பாளையம் சிக்கன் வையுங்கள். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரியைத் தாண்டினால் வருகிற ஊர் அது. தக்காளி கிடையாது, மல்லித்தூள் கிடையாது, அரைப்பும் கிடையாது. அரைக் கிலோ கோழிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், விதையை உதறிக் கிள்ளிப்போட்ட பதினைந்து வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, ஒரு கை தேங்காய்ப் பல். பிராய்லர் என்றால் கறி விடுகிற தண்ணீரிலேயே வெந்து, அந்தத் தண்ணீரும் வற்றி, வெங்காயம் கறியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நாட்டுக்கோழிக்குத் தண்ணீர் ஊற்றி முக்கால் மணி நேரமாவது வேகவைக்க வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிற நாளில் பச்சைப்பயறு கடைசல் போதும், சப்பாத்திக்கு அதுவும் நன்றாகவே சேரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ மாவில் மட்டும் செய்து பாருங்கள். 170 மில்லியில் தொடங்குங்கள். ஏழு மணிக்குச் சுட்டு, துணியில் சுற்றி வைத்து, ஒன்பது மணிக்கு ஒன்றை நாலாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் விரிசல் விட்டால் அடுத்த தடவை 175. தேய்க்கவே முடியாமல் கட்டையோடு வந்தால் 165. உங்கள் மாவுக்கு எது சரியாக வருகிறதோ, அந்த எண்ணை மாவு டப்பா மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். கோதுமை மாற்றினால் அந்தச் சீட்டையும் மாற்றுங்கள்.